அட்சதை எறிகிற கை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கோவை சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் தளத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் காலையில் ஷட்டர் தூக்கினால் ராத்திரி இறக்கும் வரை ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். எல்லாம் பழைய சினிமாப் பாட்டு. போன வருடம் அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பாட்டைப் போட்டாலும் அவர் ஞாபகம். பையன்களுக்காக ஓடவிடுகிறேனே ஒழிய நான் கேட்பதில்லை. அப்போது யூடியூபில் தானாகவே ஒரு நாகஸ்வரக் கச்சேரி வந்தது. அணைக்கத் தோன்றவில்லை. இப்போது தினமும் சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஏதாவது கச்சேரி கேட்கிறேன். சங்கீதத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டு முடித்தால் மனசு லேசாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் என் மைத்துனர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். பிரஷருக்கு ஒரு ராகம், சர்க்கரைக்கு ஒரு ராகம், ஞாபக சக்திக்கு ஒன்று, உள்ளுணர்வைத் தூண்ட ஒன்று. அவர் அதை நம்பி பிரஷர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

இன்னொன்று. போன வாரம் ஒரு ஆலாபனை கேட்கும்போது ‘இது அந்தப் பழைய சினிமாப் பாட்டு மாதிரியே இருக்குதே’ என்று தோன்றியது. மெட்டு ஒரு இடத்தில்கூட ஒத்துப்போகவில்லை. டீக்கடையில் பழக்கமான ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். “ரெண்டுமே மோகன ராகம்தானுங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார். எப்படி என்று எனக்கே தெரியவில்லை. இதைத்தான் உள்ளுணர்வு என்கிறார்களா? இசை கேட்கக் கேட்க இது மற்ற காரியங்களிலும் வளருமா? சோகமான ராகம் கேட்டால் மனசு நன்றாகிறதே, அது எப்படி? மகள் பிளஸ் டூ, பாட்டுப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறாள். விடலாமா?

பெயர் போட வேண்டாம் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிங்காநல்லூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மைத்துனர் விஷயம். அவர் இன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, மாத்திரையைக் குறைத்ததைச் சொல்லட்டும். இதமான இசை கேட்கும்போது மூச்சும் நாடித்துடிப்பும் கொஞ்சம் தணியும், உண்மைதான். அது கேட்கும் நேரத்துச் சமாசாரம். மாத்திரையின் வேலையை அது செய்யாது.

அந்தப் பட்டியல் எனக்கும் வந்திருக்கிறது, வெவ்வேறு வடிவங்களில். ஒன்றில் சர்க்கரைக்குச் சொன்ன ராகம் இன்னொன்றில் மூட்டுவலிக்குப் போயிருக்கும். ராகம் அப்படி ஒரே குணத்தோடு அடங்கிக் கிடப்பதில்லை. புலம்புகிறவனைப் பார்த்து ‘என்ன, முகாரி பாடறே?’ என்கிறோம். தியாகராஜரோ ‘எந்தநினே’யை முகாரியில்தான் செய்திருக்கிறார். ராமனைக் கண்ணாரக் கண்டு, பழம் கொடுத்து, மெய்சிலிர்த்து நின்ற சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று வியக்கிற பாட்டு அது. அழுகைக்கு அங்கே இடமே இல்லை. நம் சினிமாவில் யாராவது செத்தால் உடனே வந்து நிற்கும் சுபபந்துவராளி ராகத்தின் சுரங்களை வடக்கே கொண்டுபோனால் அது தோடி. காலை வேளையில் ஆற அமரப் பாடுவார்கள்.

அதற்காக ராகத்துக்கும் உணர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1999இல் கனடாவைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், இந்துஸ்தானி இசையை அறியாத மேற்கத்தியர்களுக்கு ராகங்களைப் போட்டுக் காட்டி, என்ன உணர்ச்சி என்று கேட்டார்கள். மகிழ்ச்சி, துக்கம், கோபம் மூன்றையும் அவர்கள் ஓரளவு சரியாகவே சொன்னார்கள். வேகத்தையும் மெட்டின் பின்னலையும் வைத்துச் சொல்லிவிட முடிகிறது. சாந்தம் மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. நமக்கே அது கேட்டுக் கேட்டுத்தானே வருகிறது.

நீங்கள் கேட்ட சோக ராகத்துக்கான பதிலில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சினிமாப் பாட்டுக்குச் சொல் உண்டு, காட்சி உண்டு, அதை முதன்முதலில் கேட்ட நாள் உண்டு. ஒவ்வொரு பாட்டிலும் உங்கள் அப்பா ஏதாவது ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். நாகஸ்வர ஆலாபனையில் சொல்லும் இல்லை, பழைய நாளும் இல்லை. துக்கத்தின் வடிவம் மட்டும் இருக்கிறது: ஏறுகிறது, ஓரிடத்தில் நின்று நடுங்குகிறது, இறங்கி வருகிறது. நம்முடையதை யாருக்கும் விளக்காமல் அதில் ஏற்றி அனுப்பிவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் வேறு பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எனக்கு இது போதும்.

புறநானூற்றின் 281ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது, போரில் புண்பட்டு வந்தவனின் வீட்டைக் காட்டுகிறது. வீட்டில் இரவ மரத்து இலையும் வேப்பிலையும் செருகுகிறார்கள். யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்கின்றன. வெண்கடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வாசப் புகை போடுகிறார்கள். ‘வா தோழி, நாம் அவனைக் காப்போம்’ என்று ஒருத்தி அழைக்கிறாள். பேய் அண்டாமல் இருக்க என்று உரை சொல்வார்கள். புண்ணுக்கு மருந்து தனியாக இருந்திருக்கும். வலியில் கிடக்கிறவனுக்குத் தன்னைச் சுற்றி ஆட்கள் விழித்திருக்கிறார்கள் என்பது காது வழியாகத் தெரிகிறது. இசை கேட்டு மனம் தேறுவது பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நேரடியானது இன்னும் அகப்படவில்லை.

மனம் லேசாவதைப் பற்றி இந்தக் காலத்தில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 1993இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 36 மாணவர்களைப் பத்து நிமிடம் ஐரோப்பிய இசைமேதை மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டா கேட்கவைத்தார்கள். பிறகு காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி விரியும் என்பது போன்ற கணக்குகள். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போட்டதைவிட நன்றாகப் போட்டார்கள். அந்த லாபம் கால் மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள், அதை யார் படித்தார்கள்? மோட்சார்ட் கேட்டால் மூளை வளரும் என்று உலகமெல்லாம் பேச்சு. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு தருவதற்காக 1,05,000 டாலர் ஒதுக்கச் சொன்னார்.

கனடாவில் ஷெல்லன்பர்க் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதை நிதானமாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு சோதனையில் மோட்சார்ட்டுக்குப் பதிலாக ஸ்டீபன் கிங்கின் கதையைப் படித்துக் காட்டினார்கள். கதை பிடித்தவர்கள் கதைக்குப் பிறகு நன்றாகப் போட்டார்கள், இசை பிடித்தவர்கள் இசைக்குப் பிறகு. 2001இல் வந்த இன்னொரு சோதனையில், கேட்டவர்களின் மனநிலையையும் சுறுசுறுப்பையும் அளந்து அதைக் கழித்துப் பார்த்தால் மோட்சார்ட்டின் தனி மகிமை ஒன்றும் மிஞ்சவில்லை. பிடித்ததைக் கேட்டால் மனம் எழுகிறது, எழுந்த மனம் கொஞ்ச நேரம் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே எந்த ராகம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். உங்களை மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் உட்காரவைப்பது எதுவோ அதுதான் உங்கள் ராகம்.

இனி மோகனத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம் அது.

கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசையில் ஒருவர் கையில் அட்சதையை வைத்துக்கொண்டு பக்கத்துச் சொந்தக்காரரிடம் நிலத்தகராறு பேசிக்கொண்டிருப்பார். மணவறையைப் போட்டோக்காரர்கள் முழுசாக மறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்றும் தெரியாது. வாசித்துக்கொண்டிருந்த கீர்த்தனை சட்டென்று அறுந்து கெட்டிமேளம் எழும். அவர் பேச்சை நிறுத்துவதற்கு முன்பே கை எறிந்துவிட்டிருக்கும். தாலி ஏறுகிறது என்று யோசித்து, முடிவு செய்து, பிறகு எறிந்ததல்ல அது. எத்தனையோ கல்யாணங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து காது கற்றுக்கொண்டு, கைக்கு நேராகச் சொல்லிவிட்டது. கோயில் ஊர்களில் இரண்டு தெரு தள்ளி அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் ஆத்தாவுக்கு மல்லாரி கேட்டால் சாமி புறப்பட்டாயிற்று என்று தெரியும். அது கம்பீர நாட்டை ராகம் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நீலாம்பரி கேட்டால் பள்ளியறை நேரம்.

இப்படிக் கற்கும் திறமை கைக்குழந்தைக்கே இருக்கிறது. அமெரிக்காவில் 1999இல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு, மூன்று மூன்றாகக் கோத்த சுரங்களை இடைவெளியே இல்லாமல் சில நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். பிறகு சோதித்துப் பார்த்தால், எந்தச் சுரத்தோடு எது ஒட்டி வருகிறது என்பது அதுகளுக்குப் பிடிபட்டிருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பரிசு இல்லை, பேச்சே இன்னும் வரவில்லை.

மோகனத்தில் உங்களுக்கு நடந்ததும் இதுதான். அதில் ஸ, ரி, க, ப, த, ஐந்தே சுரங்கள். ‘ம’ என்ற மத்யமமும் ‘நி’ என்ற நிஷாதமும் கிடையாது. சிறு வயதிலிருந்து அந்த ராகத்தில் அமைந்த சினிமாப் பாட்டுகள் நூற்றுக்கணக்கான தடவை உங்கள் காதில் விழுந்திருக்கின்றன. ‘க’ என்ற காந்தாரத்தில் எப்படிச் சாய்ந்து நிற்பார்கள், அங்கிருந்து ‘ப’ என்ற பஞ்சமத்துக்கு எப்படித் தாவுவார்கள் என்பதெல்லாம் உள்ளே படிந்துவிட்டது. பாடுகிறவர் தவறி மத்யமத்தைத் தொட்டால் உங்களுக்குத் திக்கென்றிருக்கும். என்ன சுரம் என்று சொல்லத் தெரியாது, ஏதோ பிசகு என்று மட்டும் தெரியும். மெட்டு எங்கேயும் ஒத்துப்போகாமலே இரண்டும் ஒன்று என்று தோன்றியதே, அந்தப் படிவுதான் பேசியது.

சுரங்களின் பட்டியல் மட்டும் ராகமாகிவிடாது என்பதையும் கவனியுங்கள். வடக்கே பூப் என்றும் தேஷ்கார் என்றும் இரண்டு ராகங்கள். மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள்தான் இரண்டுக்கும். பூப்பில் காந்தாரம் ராஜா, தேஷ்காரில் ‘த’ என்ற தைவதம். நம் பக்கத்தில் ஆரபியும் தேவகாந்தாரியும் அப்படி. ஏறுவதும் இறங்குவதும் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒன்றே. ஆரபி சுரங்களை அசைக்காமல் விறுவிறுவென்று நடக்கும். தேவகாந்தாரி இழைத்து இழைத்து, நின்று நின்று வரும். பழகிய ரசிகர் இரண்டு பிடிகளுக்குள், அதாவது ராகத்தின் அடையாளமான இரண்டு சின்னச் சுரக்கோவைகளுக்குள், சொல்லிவிடுவார். காரணம் கேட்டால் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்குவார். அந்த விளக்கம் பிறகு யோசித்துச் செய்தது. கண்டுபிடிப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

கேட்பதில் இருக்கும் இன்பத்துக்கும் இந்த முன்கூட்டியே அறிதலுக்கும் உறவு உண்டு. மான்ட்ரியலில் 2011இல், தங்களுக்கு மிகப் பிடித்த இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். டோபமைன் என்ற ரசாயனம் சிலிர்க்கும் கணத்தில் மட்டும் சுரக்கவில்லை. அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலேயே மூளையின் வேறொரு பகுதியில் சுரந்தது. கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டால் இது புரியும். முடிவுக்கு முன்னால் வரும் மோரா என்ற சொற்கட்டு வந்ததும், முடித்துவைக்கும் கோர்வை வரப்போகிறது என்று சபை நிமிரும். கோர்வை மூன்று தடவை வரும். முதல் தடவை எங்கே போகிறதென்று தெரியாது, இரண்டாவதில் பிடிபடும், மூன்றாவதில் தாளம் தெரியாதவர்கூட அது வந்து விழும் இடத்துக்குத் தொடையில் தட்டுவார். சரியாக விழுந்தால் ஒரு சந்தோஷம் வருமே, அது வாசித்தவருடைய வெற்றி மட்டுமில்லை, உங்களுடையதும்தான்.

மற்ற காரியங்களில் இது வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், உள்ளுணர்வு என்பது பழகியதை அடையாளம் கண்டுகொள்வதுதான், அதற்குமேல் ஒன்றுமில்லை என்றார். அவரும் வில்லியம் சேஸும் 1973இல் சதுரங்க வீரர்களை வைத்துச் சோதித்தார்கள். நிஜ ஆட்டத்தில் வந்த காய்நிலையைச் சில நொடிகள் காட்டி மறைத்தால், தேர்ந்தவர் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கினார். கன்னாபின்னாவென்று வைத்த காய்களைக் காட்டினால் அவரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றுதான். எதில் பழகினோமோ அதில்தான் கண் திறக்கிறது. முதல் பிடியிலேயே ராகத்தைச் சொல்லிவிடுகிற ரசிகர்கள் சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை ஓட்டிப் பார்க்கையில் பேரிங் போயிருக்கிறதா, இம்பெல்லர் உரசுகிறதா, ஒரு பேஸ் வராமல் உறுமுகிறதா என்று கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவீர்கள், இல்லையா? புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எல்லாமே வெறும் சத்தம். மோகனத்தைக் கண்டுபிடித்த காது அந்தக் காதுதான். சங்கீதத்தில் ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், நான் நம்பவில்லை.

ஆனால் மனநிலைக்கும் உள்ளுணர்வுக்கும் நடுவே நிஜமாகவே ஒரு வழி இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்று. மூன்று சொற்களைக் காட்டுவார்கள். உப்பு, அலை, வலை என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றையும் இணைப்பது கடல். சில தொகுப்புகளில் அப்படி ஓர் இணைப்பு இருக்கும், சிலவற்றில் இருக்காது. விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று சட்டெனச் சொல்ல வேண்டும். மகிழ்ச்சியான நினைவுகளில் மூழ்கவைக்கப்பட்டவர்கள் நன்றாகவே ஊகித்தார்கள். துயர நினைவுகளில் இருந்தவர்களின் ஊகம் பூவா தலையா போட்டது போலத்தான் இருந்தது. அங்கே மனநிலையை மாற்றியது நினைவு, இசை அல்ல. இருந்தாலும் இப்படி எண்ணிப் பார்க்கிறேன்: கனத்துக் கிடக்கும் மனம் தனக்குத் தெரிந்ததையே தன்னிடம் சொல்வதில்லை. இசை அந்தக் கனத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறது. புதிதாக எதையும் தருவதில்லை, ஏற்கனவே சேர்ந்து கிடப்பதன் வாயைத் திறந்துவிடுகிறது. அப்பா போன பிறகு தொழிலில் கை ஓடவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், இப்போது அது திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்குப் போடும்போது, படம் வரையும்போது பாட்டு ஓடினால் ஓடட்டும். படித்து மனப்பாடம் செய்யும் நேரத்தில் தெரிந்த மொழியில் வரிகள் ஓடினால், அந்தச் சொற்கள் இந்தச் சொற்களோடு மல்லுக்கு நிற்கும். வாத்திய இசையானால் தொந்தரவு குறைவு. இதற்காகச் சண்டை போடாதீர்கள், அவளையே இரண்டு விதமாகவும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறை ஸ்பீக்கரை வேலை நேரமெல்லாம் ஓடவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் அணைத்துவிடுங்கள், அது உங்கள் கச்சேரி நேரம்.

மாடியில் என்ன கேட்பது? ஒரே இரவில் பத்து ராகம் வேண்டாம். நாகஸ்வரத்திலேயே தொடங்கியதால் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை (மேலே சொன்ன வடக்கத்தித் தோடி அல்ல, நம் பக்கத்துத் தோடி) ஒரு நாள் கேளுங்கள், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல். பிறகு கொஞ்ச நாள் ஆரபி. தியாகராஜரின் பஞ்சரத்னத்தில் மூன்றாவதான ‘சாதிஞ்செனே’ அதில்தான். அது காதில் ஊறியதும் தேவகாந்தாரிக்குப் போங்கள், கோபாலகிருஷ்ண பாரதியின் ‘எந்நேரமும்’ கிடைக்கும். சுரம் எழுதிவைத்துக்கொண்டு கேட்காதீர்கள், விமர்சனம் படிக்காதீர்கள். யூடியூபில் ராகத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவைக்கிறார்கள், போனைக் கவிழ்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த டீக்கடை வாத்தியாரைப் பிடியுங்கள். நீங்கள் கேட்டிராத இரண்டு ஆலாபனைகளை, பெயர் சொல்லாமல், அவர் போனிலிருந்து போடச் சொல்லுங்கள். எது ஆரபி, எது தேவகாந்தாரி என்று சொல்லிப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள். அன்றைக்கு டீ உங்கள் கணக்கில்.

அன்புடன்.